சோற்றைப் படம் எடுத்த போன்

என் மனைவியின் அக்காவுக்குக் காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே. இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. அவர் கோலா சாவாவில் மகன் வீட்டில் இருக்கிறார். போய்ப் பார்த்தோம். கட்டிலில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். போர்வை ஒரு பக்கம் மேடாக இருந்தது, ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. என் மனைவி மேடாக இருந்த பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"சாப்பாட்டப் பாத்துக்கடி," என்றார் அக்கா. "நான் பாக்கல."

தேத்தண்ணி கொடுத்தார்கள். குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

என் மனைவி மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். ரோடு செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்த பிறகு என் முதுகில் தட்டினாள். பெட்ரோல் போட வேண்டுமோ என்று வண்டியை ஓரம் கட்டினேன்.

"எனக்கு ரெண்டு காலும் வேணுங்க," என்றாள்.

"சரி," என்றேன்.

அவளுக்கும் இனிப்பு நீர்தான். பல வருடமாக. மாத்திரை போடுவாள், மறப்பாள், மறந்ததற்கும் சேர்த்து மறுநாள் பாகற்காய் வைப்பாள். இருபது வயதிலிருந்து தோட்டத்தில் புல் பிடுங்கி, உரம் போட்ட கால் அவளுடையது. பகலெல்லாம் ரப்பர் பூட்ஸுக்குள் வெந்த கால். அதை அவள் அதுவரை ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

நாங்கள் இருப்பது பெடாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். நான் குலை வெட்டினேன். தோள்பட்டை விட்டுப்போன பிறகு ஆபீஸ் பக்கம் புல் வெட்டுகிறேன். லயத்து வீடுகளில் இப்போது தமிழ்க் குடும்பம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் வெளியூர் ஆட்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அவள் சிரம்பானில் மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். பெரியம்மாவின் கால் அவளையும் பயமுறுத்தியிருந்தது. வந்ததும் அம்மாவின் போனை வாங்கி என்னவோ ஏற்றினாள்.

"மா, இது சாப்பாட்டுக்கு உள்ள ஆப். நீங்க சாப்பிடுறதுக்கு முன்னாடி தட்டப் படம் எடுக்கணும். எடுத்துட்டு, என்ன சாப்பாடு, எவ்வளவுன்னு இதுல தொடணும். அது பச்ச, மஞ்ச, செவப்புன்னு காட்டும். பச்சன்னா ஓகே லா."

"செவப்பு வந்தா?"

"எனக்கும் என் போன்ல தெரியும். நான் ஒடனே போன் பண்ணுவேன்."

"அப்ப நீ போன் பண்ணணும்னா எனக்குச் செவப்பு வரணும்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன்.

அன்று மத்தியானம் முதல் படம் எடுத்தார்கள். சோறு, கருவாட்டுக் குழம்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல். அந்த ஆப்பில் நாசி லெமாக் இருந்தது, ரொட்டி சானாய் இருந்தது, தோசைகூட இருந்தது. கருவாட்டுக் குழம்பு இல்லை. மகள் மேலும் கீழும் தேடினாள்.

"மீனுன்னு போடு," என்றாள் என் மனைவி. "உசுரோட இருக்கும்போது அது மீனுதான."

மீன் என்று போட்டார்கள். சிவப்பு வந்தது. மீனுக்கு இல்லை, சோற்றுக்கு.

எங்கள் வீட்டில் அரிசி அளப்பது பால் டின்னில். அளந்து உலையில் போட்டால் சரி, அதற்குப் பிறகு தட்டில் எவ்வளவு விழுகிறது என்று யாரும் பார்த்ததில்லை. கை போடுகிறதைப் போட்டுக்கொள்வோம். ஆப்புக்கு அகப்பைக் கணக்கு வேண்டும். அன்றிலிருந்து அவள் ஒரு சின்ன அகப்பையை ஆணியில் தனியாக மாட்டி வைத்தாள். அதுதான் அவள் சோறு. ஒரு அகப்பை சோறு, தட்டு நிறையக் கீரை. எனக்கு முன்போலவே வைத்தாள். இரண்டு நாள் அப்படிச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் அந்த அகப்பையை எடுத்து எனக்கும் ஒன்று போட்டுக்கொண்டேன். அவள் பார்த்தாள்.

டின் பால் போனது. மைலோ போனது. காலையில் வெறும் தேயிலைத் தண்ணி. தோட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "பசியாறியாச்சா" என்று கேட்பதுதான் முதல் பேச்சு. அதே கேள்வியை ஆப்பும் மூன்று வேளையும் மலாயில் கேட்கும். 'சுடா மாக்கான்?' என்று போன் திரையில் எழுத்து வரும், கூடவே மணி அடிக்கும். அவள் அடுப்படியிலிருந்து பதில் சொல்வாள்.

"ஆச்சு, ஆச்சு. வாங்க, நீங்களும் ஒரு அகப்ப போட்டுக்கங்க."

பக்கத்து வீட்டுப் பெண் கதவோரம் நின்று இதைப் பார்ப்பாள்.

"என்னக்கா, சோத்துக்கு ஐசி போட்டோ எடுக்கிறீங்களா?" என்பாள், அடையாள அட்டைப் படத்தைச் சொல்லி.

"ஆமா. ஒனக்கும் எடுத்துத் தரட்டா? ஒன் வயித்துக்குத் தனி ஐசி வேணும்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போவாள். என் மனைவி சீக்கிரம் சாப்பிட்டு முடித்துவிட்டுக் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பசிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சாயங்காலம் தேய்த்துக் கவிழ்த்த சட்டிகளை மறுபடி எடுத்துத் தேய்ப்பாள். அதிலிருந்து நான் தெரிந்துகொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவள், மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தில் மாட்டினாள்.

"என்னா வேண்டுதல்?" என்று கேட்டேன்.

"கிளினிக்குல நம்பர் எறங்கிச்சுன்னா ஆடிக்குப் பால்குடம் எடுக்கிறேன்னு சொல்லியிருக்கேன்."

"வயசுக்கு முடியுமா?"

"நடக்கத்தான கால் கேட்டேன்."

மாதங்கள் போயின. ஆப் பெரும்பாலும் பச்சையாகவே காட்டியது. தீபாவளிக்கு ஒரு நாள் சிவப்பு வந்தது. மகள் உடனே போன் செய்தாள். இருவரும் வெகுநேரம் பேசினார்கள், முறுக்கைப் பற்றி.

பிறகு ரெம்பாவ் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை. முன்பு பத்துக்கு மேல் இருந்தது ஏழுக்கு வந்திருந்தது. நர்ஸை மிஸி என்போம். மலாய்க்கார மிஸி புத்தகத்தைத் திருப்பி எங்களிடம் காட்டினாள். என் மனைவியின் கையைப் பிடித்து, "பாகுஸ் ஆன்ட்டி," என்று சொல்லிச் சிரித்தாள். நல்லது என்று அர்த்தம். என் மனைவி அப்படிப் புகழ்ச்சி கேட்டு நான் பார்த்ததில்லை. வேலைக்காட்டில்கூட.

அன்றே பாதத்தையும் பார்த்தார்கள். மிஸி ஒரு நைலான் நரம்பை எடுத்தாள். தூண்டில் நரம்பு மாதிரி. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, அடிப்பாதத்தில் அங்கங்கே தொட்டு, "ராசா?" என்று கேட்டாள். தெரிகிறதா என்று. என் மனைவி கோயிலில் மூடுவதுபோலக் கண்ணை மூடினாள். கீழே கொஞ்சம் திறந்திருந்தது. தொட்ட இடத்துக்கெல்லாம் "ராசா, ராசா" என்றாள்.

வெளியே வந்து மோட்டாரை எடுக்கும்போது கேட்டேன்.

"எல்லா எடத்துலயும் தெரிஞ்சிச்சா?"

"கேட்டாங்க, சொன்னேன். பெரட்டுல பேரு கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லணும்ல."

காலையில் வேலைக்கு ஆள் எடுக்க நிற்க வைப்பதைத்தான் பெரட்டு என்போம். அங்கே இல்லை என்று சொன்னால் கூலி போய்விடும். அவள் அப்படிப் பழகியவள். நான் சிரித்தேன். அதோடு விட்டுவிட்டேன்.

சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டு நம்பரைச் சொன்னாள். மாரியாத்தா காது கொடுத்துவிட்டாள் என்றாள்.

"மா, அது ஆத்தா இல்ல. நீங்க சோறு கொறச்சீங்க, அதான்."

"கொறைக்க மனசு குடுத்தது யாரு?"

"ஆப்."

"ஆப்பு ஒனக்குப் போன் பண்ணும். என் பசிய யாரு தாங்குனது?"

மகள் விட்டுக்கொடுத்தாள். மஞ்சள் துணி அங்கேயே தொங்கியது. ஆடி வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

இடையில் ஒரு நாள் அவள் கொல்லைப் பக்கத்திலிருந்து துணி எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு காலில் சிலிப்பர் இருந்தது. ஒரு காலில் இல்லை. அன்று மகளும் இருந்தாள்.

"மா, இன்னொரு சிலிப்பர் எங்க?"

அவள் குனிந்து பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. மண்ணில் பின்னோக்கித் தேடிப் போனோம். துணிக்கொடிக்குக் கீழேயே கிடந்தது. அங்கிருந்து வீடு வரை ஒரு கால் வெறுங்காலாகவே வந்திருக்கிறாள்.

"எப்பப் பாத்தாலும் பச்ச பச்சன்னு அதே நெனப்பு," என்று மகள் கேலி செய்தாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிலிப்பரை நானே கழுவி வாசலில் வைத்தேன்.

ஆடித் திருவிழா வந்தது. விரதம் இருந்தாள். ஒரு வேளை சாப்பாடு, மரக்கறி. ஆப் அந்த நாட்களில் பச்சையைத் தவிர வேறு காட்டவில்லை. ஒரு பூப் படம்கூடப் போட்டது. அவள் அதை என்னிடம் காட்டினாள். "இதுவும் சாமி கும்பிடுது," என்றாள்.

பால்குடம் காலையில் வெயிலுக்கு முன்னால் ஆற்றிலிருந்து கிளம்ப வேண்டும். அதுதான் முறை. இப்போது சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களுக்கெல்லாம் ஒரே பூசாரி. அவர் அடுத்த தோட்டத்தில் பூசையை முடித்துவிட்டு வர நேரமாகிவிட்டது. எல்லாரும் ஆற்றங்கரை நிழலில் நின்றோம். மேளக்காரர்கள் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டார்கள். அவர் வந்து, பூசை செய்து, குடத்தைத் தலையில் வைக்கும்போது உச்சி வெயில்.

ஆற்றிலிருந்து கோயிலுக்குப் போகிற பாதை முன்பு மண். குலை ஏற்றுகிற லோரிகளுக்காகத் தார் போட்டார்கள். இரண்டு பக்கமும் பழைய மரங்களைச் சாய்த்துப் புதுக் கன்று வைத்திருந்தார்கள். முழங்கால் உயரம். நிழல் இல்லை.

பெண்கள் வரிசையாக நடந்தார்கள். வெறுங்கால். நடக்க நடக்க ஒவ்வொருவராகக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். சிலர் ரோட்டோரப் புல்லுக்கு ஓடினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் "ஆத்தா, ஆத்தா" என்று குதித்துக்கொண்டே வந்தாள். பாதி பால் அவள் தோளில் கொட்டியிருந்தது. நாங்கள் ஆண்கள் வாளியில் தண்ணீர் எடுத்து முன்னால் ஓடி ரோட்டில் ஊற்றினோம். ஊற்றிய தண்ணீர் அப்படியே காய்ந்தது.

என் மனைவி நடுரோட்டில் நேராக நடந்தாள். மெதுவாக, அடி பிசகாமல், குடம் அசையாமல். நான் அவள் காலில் ஊற்றப் போனேன்.

"எனக்கு வேணாங்க. சுடல. அந்தப் புள்ளைக்கு ஊத்துங்க."

கூட்டத்தில் யாரோ சொன்னார்கள், "பாருங்க, அக்கா மேல ஆத்தா எறங்கியிருக்கா." கோயில் தலைவர் கும்பிட்டார். மேளம் அவள் பக்கம் வந்து நின்று அடித்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். வாளியை அடுத்த பெண்ணுக்குக் கொண்டுபோனேன்.

பால் அபிஷேகம் ஆனது. அன்னதானத்தில் உட்கார்ந்தாள். வாழை இலையைப் படம் எடுத்தாள். சர்க்கரைப் பொங்கலைத் தொட்டு நெற்றியில் வைத்துவிட்டு எனக்குத் தள்ளினாள்.

வீட்டுக்கு வந்து அவள் காலை நீட்டி உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். இரண்டு பாதமும். இடது பாதத்தில் கொஞ்சம். வலது பாதத்தில் விரல்களுக்குக் கீழே தோல் முழுக்க வெள்ளையாக எழும்பி, வேக வைத்த மாதிரி இருந்தது. உள்ளே நீர்.

"வலிக்கலயா?"

"இல்லியே," என்றாள். அவளே காலைத் திருப்பிப் பார்த்தாள். வேறு யாருடைய காலையோ பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். அவள் காலும் சிவந்துதான் இருந்தது. "அக்கா, இது முத்து. ஆத்தா போட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனா கோவிச்சுக்குவா." மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுத்தாள். பூசினோம். அம்மை போட்டால் போகாத மாதிரி கிளினிக்குக்குப் போகவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. ஆப்பில் அவள் அம்மாவின் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு பச்சையாக இருந்தது.

நாற்றம் வந்த பிறகு நான் மகளுக்குப் போன் போட்டேன். அவள் வேலையை விட்டுவிட்டு காரில் வந்தாள். வேப்பிலையைத் துடைத்துப் பார்த்தாள். கத்தவில்லை.

"எப்பருந்து பா?"

"கோயில்லருந்து."

"பா, நான் மருந்துக் கடையில நிக்கிறேன் பா," என்றாள். அம்மாவை அவளும் நானும் தூக்கிக் காரில் வைத்தோம்.

பெரியாஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு மற்ற விரல்களையும். பிறகு பாதத்தின் முன் பாதியை. டாக்டர் இளவயதுக்காரர். தமிழர். உட்கார்ந்து சொன்னார்.

"ஆன்ட்டிக்குக் கால்ல உணர்ச்சி போயி ரொம்ப நாளாச்சு அங்கிள். சூடு தெரிஞ்சிருக்காது. சர்க்கரை கட்டுப்பாட்டுல இருந்ததால பாதியோட நிறுத்த முடிஞ்சுது. இல்லன்னா முட்டி வரைக்கும் போயிருக்கும்."

மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா மா, ஆப்தான் காப்பாத்திச்சு."

"ஆத்தா பாதியோட விட்டா," என்றாள் என் மனைவி.

இரண்டு பேரும் அப்படிச் சொல்லிக்கொண்டு தேறினார்கள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். நம்பர் இறங்காமல் இருந்திருந்தால் அவள் அந்த ரோட்டில் நடந்திருக்க மாட்டாள். இது எனக்குத் தோன்றியது. அகப்பையைக் குறைத்ததும், பசியோடு சட்டி தேய்த்ததும், பச்சை வந்ததும், எல்லாம் அந்த ரோட்டுக்குத்தான் கொண்டுபோய் விட்டது. அவளிடம் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. சொன்னால் இருவருக்கும் பிடித்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

மேசையில் இருந்த போன் மணி அடித்தது. சுடா மாக்கான். ஆஸ்பத்திரித் தட்டு வந்திருந்தது. கஞ்சி, அவித்த கோழி, ஒரு துண்டுப் பப்பாளி. அவள் கையை நீட்டிப் போனைக் கேட்டாள். படம் எடுத்தாள். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நீங்க சாப்பிடுங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்து இப்போது ஒரு வருடம். வலது காலுக்குத் தனியாகச் செய்த சப்பாத்து இருக்கிறது. முன்னால் பஞ்சு அடைத்தது. அதைப் போட்டு அடுப்படி வரை போவாள். வெளியே வந்தால் என் தோள் வேண்டும். அவள் அக்காவைப் பார்க்க ஒரு முறை போனோம். இரண்டு பேரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள்.

சமையல் நான். ஆப்பில் தட்டைப் படம் எடுப்பதை அவள் விட்டுவிட்டாள். அது இன்னும் கேட்கிறது. அவள் பதில் சொல்வதில்லை. ஆனால் அகப்பை அதே அகப்பைதான்.

தினமும் விளக்கு வைத்த பிறகு அவள் இடது காலை என் மடியில் வைத்துக்கொள்வேன். மிஸி சொல்லிக் கொடுத்தது. போன் லைட்டைப் போட்டு அடிப்பாதத்தைப் பார்ப்பேன். விரல் இடுக்கைப் பார்ப்பேன். படம் எடுத்து மகளுக்கு அனுப்புவேன். "ஓகே பா" என்று வரும்.

"சோத்த எடுத்த போன்ல கால எடுக்கிறீங்க," என்றாள் முதல் நாள்.

"தொடச்சிட்டுத்தான் எடுக்கிறேன்," என்றேன்.

இந்த ஆடிக்கும் பூசாரி நேரம் கழித்துத்தான் வந்தார். எங்கள் லயத்துக்கு எதிரில்தான் ரோடு. அவளுக்கு வாசலில் நாற்காலி போட்டேன். மேளச் சத்தம் தூரத்தில் கேட்டது. வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். குனிந்து உள்ளங்கையைத் தாரில் வைத்தேன். எடுத்துவிட்டேன்.

"சுடுதா?" என்று அவள் வாசலிலிருந்து கேட்டாள்.

"சுடுது."

வாளியைக் கவிழ்த்தேன். மறுபடி பிடிக்கப் பைப்புக்கு வந்தேன். அதற்குள் வரிசை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் இந்த வருடம் எடுக்கவில்லை. அவள் மகள் எடுத்தாள். அந்தப் பெண் ஈர இடம் தேடித் தேடி ஓடினாள். காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். பால் தளும்பி மூஞ்சியில் வழிந்தது. யாரோ சிரித்தார்கள்.

என் மனைவி சிரிக்கவில்லை. குடத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும் வரை பார்த்தாள்.

"நல்ல காலு," என்றாள்.